மான் போன தடம்

பேப்பரை மடக்கிவிடாதீர்கள் சார். அந்தப் படத்தை இன்னொரு தரம் காட்டுங்கள். ஆமாம், இதுதான். ‘வடதுருவப் பகுதியில் கோடைக்கால ஆய்வு: மாணவ விஞ்ஞானிகள் புறப்பட்டனர்.’ புறப்பட்டனராம். ஏழு பேர். ஏழு பேருக்கும் சிவப்பு ஜாக்கெட். ஏழு பேரும் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாம் நாள் அந்த ஜாக்கெட் என்ன நிறமாகும், அந்தப் பல் எங்கே போகும் என்று எனக்குத் தெரியும்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். தூத்துக்குடியில் பஸ் ஏறினவன், குறுக்குச்சாலை வருவதற்குள் வடதுருவத்தைப் பற்றிப் பேசுகிறானே என்றுதானே? பதினோரு கோடை சார். கனடாவின் வடக்கு விளிம்பு. மரம் என்று ஒன்று முளைப்பது நின்றுபோய், அதற்கும் மேலே ஒரு மணி நேரம் சின்ன விமானத்தில் போக வேண்டும். எட்டு குடிசை, ஒரு ஜெனரேட்டர், ஒரு ஏரி. நான் அந்த முகாமின் மேலாளர். காகிதத்தில் மேலாளர். வேலை என்று பார்த்தால் சமையல், ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றுவது, கரடி வருகிறதா என்று பார்ப்பது, அழுகிற பிள்ளைகளுக்குச் சூப் கொடுப்பது. பெயர் ரெமிஜியுஸ். அங்கே ரெமி. அதற்கு முன்னால் கப்பலில் சமையல். கப்பலை விட்டு இறங்கி, ஹோட்டல் ஹோட்டலாகப் போய், கடைசியில் பனிக்கு வந்து சேர்ந்தேன்.

விஞ்ஞானிகள் என்று போட்டிருக்கிறார்களே, என்ன செய்வார்கள் என்று நினைக்கிறீர்கள்? நான் சொல்கிறேன். ஒருவன் கொசு எண்ண வந்தான். கையை முழங்கை வரை திறந்து நீட்டிக்கொண்டு உட்காருவான். ஒரு நிமிஷத்தில் எத்தனை கொசு வந்து உட்காருகிறது என்று பார்த்து எண்பத்து மூன்று, தொண்ணூற்றொன்று என்று நோட்டில் எழுதுவான். எங்கள் ஊர் பக்கிள் ஓடைப் பக்கம் வா தம்பி, எண்ணி முடிக்க ஆயுள் பத்தாது என்று சொல்ல நினைத்தேன். ஒருத்தி வாத்து எச்சம் பொறுக்க வந்தாள். பொறுக்கி, பையில் போட்டு, லேபிள் ஒட்டி, என் ஃபிரீஸரில் கோழிக்கு மேல்தட்டில் அடுக்கிவிட்டாள். பக்கத்தில் ஒரு சீட்டு: ‘ரெமி, தொடாதே, இது டேட்டா.’ இன்னொருவன் ஒரு புல்லை அளந்தான். ஒரே புல், சார். எட்டு வாரம். கடைசி வாரம் முயல் வந்து அதைத் தின்றுவிட்டது. அவன் என் சமையலறையில் உட்கார்ந்து அழுதான். நான் பருப்பு சூப் கொடுத்தேன். பருப்பில் புரதம் எவ்வளவு இருக்கும் என்று கேட்டான்.

படித்த பிள்ளைகள்! ஒருவனுக்கும் முட்டை வேகவைக்கத் தெரியாது. ஆனால் பூமி வேகிறது என்று கண்டுபிடிக்க வந்துவிடுகிறார்கள்.

இல்லை, பூமி சூடாவது பொய் என்று நான் சொல்லவில்லை. எனக்கும் கண் இருக்கிறது. நான் சொல்வது வேறு விஷயம்.

அந்த முகாமில் ஒரு சதுரம் இருந்தது. ஹால்வர்சன் என்று ஒரு பேராசிரியர், வெள்ளைத் தாடி, நல்ல மனிதர்தான், அவருடைய சதுரம். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர். பத்து மீட்டருக்கு ஒரு சின்னக் கொடி. மொத்தம் நூற்று இருபத்தொரு கொடி. அந்த ஊர் மண் எப்படி என்றால், கோடையில் மேலே முழங்கை ஆழத்துக்குத்தான் இளகும். அதற்குக் கீழே வருஷம் முழுக்க ஐஸ். பிள்ளைகள் வாரம் ஒருமுறை ஒவ்வொரு கொடியடியிலும் ஒரு இரும்புக் கம்பியைக் குத்துவார்கள். ஐஸில் முட்டினால் ‘தொப்’ என்று இருக்கும். கல்லில் முட்டினால் ‘டிங்’ என்று கேட்கும். எத்தனை சென்டிமீட்டர் இறங்கிற்று என்று எழுதுவார்கள். இதுதான் ஆராய்ச்சி. இதற்குத்தான் விமானம், டென்ட், சிவப்பு ஜாக்கெட்.

அந்தச் சதுரத்துக்குள் யாரும் கால் வைக்கக் கூடாது. அதுதான் அங்கே முதல் சட்டம். பலகை போட்டிருப்பார்கள், பலகை மேல்தான் நடக்க வேண்டும். மண்ணை மிதித்தால் பாசி நசுங்கும், பாசி நசுங்கினால் வெயில் உள்ளே இறங்கும், ஐஸ் உருகும். அப்படி ஒரு பாடம். வந்த முதல் நாளே பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் அதைப் பற்றி வகுப்பு எடுப்பார்கள். அப்புறம் பாருங்கள், வளர்ந்த பயல்கள் கம்பி மேல் நடக்கிற சர்க்கஸ்காரன் மாதிரி இரண்டு கையையும் விரித்துக்கொண்டு அந்தப் பலகையில் போவான்கள். எனக்குச் சிரிப்பு தாங்காது. அடுப்படி ஜன்னல் வழியாகப் பார்த்து, வயிறு வலிக்கச் சிரித்திருக்கிறேன். கண்ணுக்கு எட்டின தூரம் வரைக்கும் காலி நிலம், இவர்கள் ஒரு அடி அகலப் பலகையில் நடக்கிறார்கள்.

நானா? நான் எனக்கு வேண்டிய வழியில் போனேன்.

சொல்கிறேன். ஒளிக்க என்ன இருக்கிறது? நீங்கள் மதுரைக்குப் போகிறீர்கள், நானும் மதுரைக்குப் போகிறேன், கண் ஆஸ்பத்திரி. இனி பார்க்கப்போவதில்லை. என் சமையலறை சதுரத்துக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கம் ஒரு மேடு. அந்த மேட்டின் உச்சியில் மட்டும் செல்போனில் ஒரு கோடு சிக்னல் விழும், இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊர் இருந்தது, அதன் டவர். சதுரத்தின் இரண்டு பக்கமும் முழங்கால் சேறு, அதையெல்லாம் சுற்றிக்கொண்டு பலகையில் போனால் இருபது நிமிஷம். சதுரத்தைக் குறுக்கே வெட்டிப் போனால் ஆறு நிமிஷம். அடுப்பில் ரொட்டி வைத்துவிட்டுப் போகிறவன் எதில் போவான்? நீங்களே சொல்லுங்கள். காலை பதினோரு மணிக்குப் பிள்ளைகள் எல்லாம் ஏரிக்குப் போயிருப்பார்கள். ஆள் இருக்காது. போய்விட்டு வந்துவிடுவேன். வானிலை கேட்க. விமானம் வருமா வராதா என்று தெரிய வேண்டாமா?

முகாமில் சாட்டிலைட் போன் உண்டு, உண்டு. அதில் பேசினால் யாருக்கு, எதற்கு, எத்தனை நிமிஷம் என்று நோட்டில் எழுத வேண்டும். எனக்கு அந்த நோட்டு பிடிக்காது.

இரண்டாவது கோடையிலேயே தடம் விழுந்துவிட்டது. ஒற்றையடிப் பாதை மாதிரி. பிள்ளைகள் பார்த்தார்கள். ‘ரெமி, இது என்ன?’ என்று கேட்டார்கள். நான் கையில் கரண்டியோடு நின்றேன். ‘காரிபூ’ என்றேன். காரிபூ என்றால் அங்கே உள்ள மான், கூட்டம் கூட்டமாகப் போகும். மான் போன தடம் என்றேன். அவ்வளவுதான். நோட்டில் எழுதிக்கொண்டார்கள். பெரிய படிப்பு! சமையல்காரன் சொன்னதை எழுதிக்கொண்டு போய்விட்டார்கள். அந்த நோட்டைப் பார்த்து அடுத்த வருஷத்துப் பிள்ளைகள் எழுதினார்கள். அதைப் பார்த்து அதற்கடுத்த வருஷத்துப் பிள்ளைகள். ஒருவனாவது குனிந்து குளம்பு அடையாளம் இருக்கிறதா என்று பார்த்தானா? பார்க்கவில்லை.

எட்டயபுரம் வந்துவிட்டதா? இங்கே நிற்காது. இது பைபாஸில் போகிற வண்டி.

அப்புறம் அந்தத் தடத்தில் உள்ள கொடிகளில் கம்பி ஆழமாக இறங்க ஆரம்பித்தது. மற்ற இடத்தில் நாற்பது சென்டிமீட்டர் என்றால் இங்கே ஐம்பது. அப்புறம் அறுபது. ஒன்பதாவது வருஷம் எழுபத்தெட்டு. பேராசிரியர் மகிழ்ந்து போனார். ஐஸ் முதலில் இந்தக் கோட்டில்தான் உடைகிறது, நிலம் தாழ்கிறது, தாழ்ந்த இடத்தைப் பார்த்து மான்கள் அதன் வழியே போகின்றன என்று கட்டுரை எழுதினார். பெரிய பத்திரிகையில் வந்தது. அன்றைக்கு முகாமில் கேக் செய்யச் சொன்னார்கள். நான்தான் செய்தேன். கேக்கின் மேலே சாக்லேட்டில் ஒரு கோடு போட்டேன்.

இங்கேதான் அந்தப் பெண் வருகிறாள்.

மங்கையர்க்கரசி. அருப்புக்கோட்டை. இந்தக் காலத்தில் யார் சார் அப்படிப் பெயர் வைக்கிறார்கள்? அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகள் வாயில் நுழையாமல் மேகி என்று ஆக்கிவிட்டார்கள். இருபத்து நான்கு வயது. அப்பா பவர்லூம் ஓட்டுகிறவர். ஸ்காலர்ஷிப்பில் வந்து ஹால்வர்சனிடம் சேர்ந்திருந்தாள். வந்த அன்று நான் பருப்புக்குத் தாளிக்கிறேன், காய்ந்த கறிவேப்பிலைதான், டப்பாவில் வைத்திருப்பேன். கதவைத் தள்ளிக்கொண்டு வந்து நின்றாள்.

‘கறிவேப்பிலையா அது?’ தமிழில் கேட்டாள்.

‘ஏன், உங்க ஊர்ல கிடையாதா?’ என்றேன்.

‘அண்ணே! எந்த ஊருண்ணே நீங்க?’

‘தூத்துக்குடி.’

‘உங்க ஊரு பஸ்ஸெல்லாம் எங்க ஊரு வழியாத்தாண்ணே மதுரை போகும்’ என்றாள். ஏதோ அவளே ஓட்டின மாதிரி.

அன்றிலிருந்து அண்ணே, அண்ணே. சாப்பாட்டுக்கு முதல் ஆள். நன்றி கெட்ட ஜென்மம் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை. அவளுக்காகத் தனியாக ரசம் வைத்திருக்கிறேன் சார். புளி கிடைக்காத இடம் அது.

மற்றப் பிள்ளைகள் கொடிக்குக் கொடி குத்துவார்கள். இவள் கொடிக்கும் கொடிக்கும் நடுவில் குத்தினாள். பலகையில் குப்புறப் படுத்துக்கொண்டு, கையை நீட்டி, ஒரு சாணுக்கு ஒரு குத்து. தடத்தின் உள்ளே, தடத்தின் ஓரம், ஓரத்துக்கு வெளியே. தொப், தொப், தொப். சமையலறைக்குள் எனக்குக் கேட்கும். மூன்று வாரம் அப்படியே. ஒரு நாள் மத்தியானம் தட்டை நீட்டிக்கொண்டே கேட்டாள்:

‘அண்ணே, அந்த மானு எதுக்குண்ணே உங்க கிச்சன் வாசல்ல இருந்து கிளம்புது?’

‘வாசம் புடிச்சு வந்திருக்கும்’ என்றேன்.

‘என்ன வாசம், சாம்பார் வாசமா?’

‘உனக்குக் குழம்பு வேணுமா வேண்டாமா?’

‘ஊத்துங்க’ என்றாள். ஊற்றினேன். சாப்பிட்டாள். சாப்பிட்டுவிட்டுத் தட்டையும் கழுவி வைத்துவிட்டு, என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொன்னாள். ‘அண்ணே, பூமி சூடாகுறது நெசந்தாண்ணே. மத்த நூத்திப் பத்து கொடியிலயும் அது தெரியுது, மெதுவா, ஆனா தெரியுது. அந்த நெசத்துக்கு உங்க கால்தடத்தை சாட்சியா வைக்கக் கூடாது. நாளைக்கு வேற எவனாவது கண்டுபிடிச்சா, மொத்தத்தையும் பொய்யின்னு சொல்லிருவான். நீங்க சார்ட்ட ஒரு வார்த்தை சொல்லிருங்க. ஒண்ணும் பண்ணமாட்டாரு.’

அறிவுரை! எனக்கு! நான் அந்த இடத்தில் இருக்கும்போது இவள் ஸ்கூலில் கோலம் போட்டுக்கொண்டிருந்திருப்பாள்.

‘நான் அந்தப் பக்கமே போறதில்ல’ என்றேன்.

அவளா விடுகிறவள்? பேராசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டாள். அவர் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருக்கும்போது கேட்டார். தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருந்தால் கூட... சரி, அதை விடுங்கள். எல்லாரும் இருக்கிறார்கள், நான் கையில் ரொட்டித் தட்டோடு நிற்கிறேன். ‘ரெமி, எப்போதாவது சதுரத்தின் குறுக்கே நடந்திருக்கிறாயா?’ சிரித்துக்கொண்டுதான் கேட்டார். நான், ‘நோ’ என்றேன். அவள் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிரவே இல்லை. மறுநாள் முதல் அவளை அந்தச் சதுரத்தில் விடவில்லை. மண் அலசுகிற வேலை கொடுத்துவிட்டார்கள். குளிர்ந்த தண்ணீரில் மண்ணை அலசி, சல்லடையில் வடிக்க வேண்டும். விரல் எல்லாம் வெடித்திருக்கும். அப்பவும் சாப்பாட்டு நேரத்தில் வந்து, ‘அண்ணே, கொஞ்சம் குழம்பு’ என்பாள். அதுதான் எனக்கு ஆகவில்லை. கோபப்பட்டிருக்கலாம் அல்லவா? இரண்டு வார்த்தை ஏசியிருக்கலாம். அப்படி ஒரு அழுத்தம். அதுவும் ஒரு திமிர்தான் சார்.

அந்தக் கோடையோடு நான் வேலையை விட்டுவிட்டேன். அவளால் இல்லை. வயசாகிறது. நாற்பத்தொன்பது. ஊருக்கு வந்துவிட்டேன்.

என்ன கேட்டீர்கள்? வானிலை கேட்கத் தினமும் போக வேண்டுமா என்றா? விமானம் வாரத்துக்கு ஒரு முறைதான். நீங்களும் அவள் மாதிரியே கேட்கிறீர்கள்.

வீட்டுக்கும் போன் போட்டேன். என் வீட்டுக்கு. இதில் என்ன இருக்கிறது? அங்கே பதினோரு மணி என்றால் இங்கே இரவு பத்தரை. என் மனைவி பிலோமி ஜெபமாலை சொல்லி முடித்திருப்பாள். போட்டால் அடிக்கும். எடுக்கமாட்டாள். முதல் வருஷம் எடுத்தாள். ஒரு கோடைதான், வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போயிருந்தேன். இரண்டாம் வருஷமும் போனேன். அதிலிருந்து எடுப்பதில்லை. ஊருக்கு லீவில் வந்தால் பேசுவாள், சோறு போடுவாள், சண்டை போடுவாள், எல்லாம் உண்டு. போனில் மட்டும் கிடையாது. ‘எதுக்க இருந்தா பேசுவேன். அந்தப் பொட்டியில பேசமாட்டேன்.’ அது அவள் சட்டம். நான் முழு ரிங்கும் போகும் வரை நிற்பேன். அப்புறம் இறங்கி வந்து ரொட்டியைத் திருப்பிப் போடுவேன். சிக்னலும் சில நாள் சரியாக இருக்காது.

பத்து வருஷமா என்று கேட்காதீர்கள். எண்ணுகிறது என் வேலை இல்லை. கோடைக்கு நூறு நாள், பதினோரு கோடை, போக ஒன்று, வர ஒன்று. இரண்டாயிரத்து இருநூறு. என் எடை அறுபத்தெட்டு கிலோ. ஒரு மனிதனுடைய கால் பூமியை என்ன செய்துவிடும் சார்?

பிலோமி சென்ற மாசம் சொல்கிறாள், மீன் அலசிக்கொண்டே: ‘பத்தரைக்கு அடிக்கும்னு தெரியும். வேலையெல்லாம் முடிச்சிட்டு பக்கத்துலயே உக்காந்திருப்பேன். அடிச்சு முடிஞ்சப்புறம் படுப்பேன். அடிக்கலேன்னா அன்னைக்கு எனக்கு உறக்கம் இல்ல.’ என்ன புத்தி பாருங்கள். அந்தப் பச்சைப் பொத்தானை ஒரு தரம் அமுக்கியிருந்தால்... நான் என்ன, கூடக் குறைய இரண்டு வார்த்தை பேசிவிட்டு, மறுநாள் போகாமலேகூட இருந்திருப்பேன். அந்த ஹால்வர்சன் ஐஸாவது பிழைத்திருக்கும்.

பந்தல்குடி தாண்டிவிட்டோம். இந்த டிரைவர் ஏன் இப்படிப் பறக்கிறான்?

இப்போது அந்தப் பெண் தீஸிஸ் எழுதி முடித்துவிட்டாள். அந்தத் தடத்தில் உள்ள பதினோரு கொடிகளையும் எடுத்துவிட வேண்டும், அது மான் இல்லை, மனிதன் என்று ஒரு அத்தியாயம். பேராசிரியர், ஆதாரம் எங்கே என்கிறார். அதுவும் சரிதானே? நாளை வெள்ளிக்கிழமை அவர்கள் கமிட்டி உட்காருகிறதாம். ஆதாரம் இல்லாவிட்டால் அந்த அத்தியாயம் போச்சு, ஒரு வருஷம் போச்சு, ஸ்காலர்ஷிப் அத்தோடு முடிகிறது, விசாவும் முடிகிறது, பெட்டியைக் கட்டிக்கொண்டு அருப்புக்கோட்டைக்கு வர வேண்டியதுதான். அதனால் எனக்கு ஒரு கடிதம். ஈமெயிலில் மூன்று தரம் அனுப்பினாள். நான் பதில் போடவில்லை. கூடவே ஒரு ஃபாரம். எந்த வருஷம் முதல் எந்த வருஷம் வரை நடந்தீர்கள், நாளுக்கு எத்தனை முறை, எதற்காக. ‘எதற்காக’ என்று ஒரு கட்டம், இவ்வளவு பெரிசு! அந்தக் கட்டத்தில் நான் என்ன எழுத வேண்டும்? பெண்டாட்டி எடுக்காத போனுக்கு என்று எழுதவா? அதை ஹால்வர்சன் படிக்கவா? கொசு எண்ணுகிறவனும் எச்சம் பொறுக்குகிறவளும் படித்துச் சிரிக்கவா? விஞ்ஞானமாம்!

அத்தோடு ஒரு படம் அனுப்பியிருக்கிறாள். காட்டுகிறேன் இருங்கள், பையில்தான் இருக்கிறது. பிரவுசிங் சென்டரில் பிரிண்ட் போட்டேன். லேமினேஷன் எதற்கு என்றால், மழையில் நனைந்துவிடும், அதற்குத்தான். பிடியுங்கள். ஓரத்தைப் பிடியுங்கள், நடுவில் விரல் வைக்காதீர்கள். வானத்திலிருந்து எடுத்தது. இந்தச் சின்னக் கட்டம் என் சமையலறை. இது மேடு. நடுவில் கறுப்பாக ஒரு கோடு தெரிகிறதா? தண்ணீர். நிலம் தாழ்ந்து, கோடையில் அதில் தண்ணீர் நிற்கிறதாம். ஒரு வாய்க்கால் மாதிரி. நூறு மைல் உயரத்திலிருந்து தெரிகிறது என்கிறாள். பெருமைப் பேச்சு. ஆனால் எவ்வளவு நேராக இருக்கிறது பாருங்கள். நூல் பிடித்த மாதிரி. இவ்வளவு நேராக நடந்தேன் என்று எனக்கே தெரியாது.

ஆமாம், அந்த ஒரு இடத்தில் வளைகிறது. நீங்களும் பார்த்துவிட்டீர்களா? அதைத்தான் அவளும் பிடித்துக்கொண்டாள். பேராசிரியர் சொல்கிறாராம், மனிதன் நடந்திருந்தால் நேராகப் போயிருப்பான், நடுவில் எதற்கு வளைகிறான், இயற்கையாக ஐஸ் வெடித்தால்தான் இப்படி வளையும் என்று. இவள் எழுதியிருக்கிறாள்: ‘அண்ணே, அந்த வளைவு ஏன்னு உங்களுக்கு மட்டுந்தான் தெரியும். அந்த வருஷம் அந்த இடத்துல என்ன இருந்துச்சுன்னு ஒரு பழைய பதிவேட்டுல இருக்கு. நான் தேடி எடுத்துட்டேன். ஆனா உங்களுக்குச் சொல்லமாட்டேன். சொன்னா நான் சொல்லிக்குடுத்த மாதிரி ஆயிரும். நீங்களா எழுதுங்க. ரெண்டும் ஒத்துப்போச்சுன்னா போதும்.’ தெரிந்துகொண்டே கேட்கிறாள் பாருங்கள். பரீட்சை வைக்கிறாள் எனக்கு.

என்ன இருந்தது? ஒன்றும் இல்லை சார். ஒரு பறவை. எங்கள் உப்பளத்தில் குளிர்காலத்தில் வந்து நிற்குமே உப்புக்கொத்தி, அந்த ஜாதி. அதே நடை. நாலு அடி ஓடும், நிற்கும், தலையை ஆட்டும். இரண்டாவது கோடை. போன் அடித்து, யாரும் எடுக்காமல், இறங்கி வருகிறேன். காலடியில் கத்திக்கொண்டு எழும்பிற்று. சிறகு ஒடிந்த மாதிரி இழுத்துக்கொண்டு போகிறது. நடிப்பு. என்னை அந்தப் பக்கம் இழுக்கிறது. குனிந்து பார்த்தால் பாசியில் ஒரு சின்னக் குழி, அதில் முட்டை. கூரான முனை எல்லாம் உள்பக்கம் பார்த்து அடுக்கி வைத்திருந்தது. மறுநாளிலிருந்து இரண்டு எட்டு தள்ளிப் போனேன். குஞ்சு பொரித்துப் போய்விட்டது. அப்புறமும் கால் அந்த இடத்தில் தானாகத் தள்ளிப் போயிற்று. பழக்கம். பத்து வருஷம். இதை யாரிடம் சொல்வது? சமையல்காரன் பறவைக்கு வழிவிட்டான் என்று சிரிப்பான்கள்.

ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டால் என்ன என்கிறீர்களா? அவள் அப்பாவும் அதையேதான் சொல்கிறார். நாலு தரம் போன் செய்துவிட்டார். சங்கரலிங்கம் என்று பெயர். ‘சார், மங்கை அப்பா பேசுறேன். ஒரு கையெழுத்துதான சார். நானே வந்து வாங்கிக்கிறேன். ஸ்கேன் பண்ணி அனுப்பிருவேன்.’ சும்மா விட்டுத் தொலையட்டும் என்று, வியாழக்கிழமை இந்த வண்டியில் மதுரை போகிறேன், அருப்புக்கோட்டையில் பத்து நிமிஷம் நிற்கும், பார்க்கலாம் என்று சொல்லிவைத்தேன். பார்க்கலாம் என்றுதான் சொன்னேன். வருகிறேன் என்று சொல்லவில்லை. தருகிறேன் என்றும் சொல்லவில்லை.

வந்துவிட்டதா? அதற்குள்ளாகவா? இது அருப்புக்கோட்டை பஸ் ஸ்டாண்டுதானா?

சார், ஒரு உதவி. ஜன்னல் ஓரம் வேண்டும் என்று நான்தான் கேட்டு வாங்கினேன், இப்போது நீங்கள் இந்தப் பக்கம் வாருங்கள். வெயில் கண்ணில் அடிக்கிறது. கண்ணுக்குத்தானே ஆஸ்பத்திரிக்கே போகிறேன். வாருங்கள், சீக்கிரம்.

அதோ, வெள்ளைச் சட்டை. கையில் நீலக் கலர் ஃபைல் வைத்திருக்கிறாரே, அவராகத்தான் இருக்கும். ஒவ்வொரு ஜன்னலாக எட்டிப் பார்த்துக்கொண்டு வருகிறார். மூக்கு அப்படியே அவள் மூக்கு. பேப்பரைக் கொஞ்சம் கொடுங்கள். இல்லை, விரித்தே கொடுங்கள். கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன்.

‘ஆமாங்க, தூத்துக்குடி வண்டிதான்... யாரு? ரெமிஜியுஸா? அப்படி யாரும் இதுல இல்லீங்க. அடுத்த வண்டியில வருவாராயிருக்கும். பின்னாடி ஒண்ணு வருது.’

போய்விட்டார். பாருங்கள், அடுத்த வண்டிக்குப் போகிறார். கும்பிட்டுவிட்டு வேறு போகிறார். வெயிலில் எவ்வளவு நேரம் நின்றாரோ, சட்டை முதுகெல்லாம் நனைந்திருக்கிறது.

என்ன சார் அப்படிப் பார்க்கிறீர்கள்? பெட்டியை ஏன் எடுக்கிறீர்கள்? மதுரைக்கு அல்லவா டிக்கெட் எடுத்தீர்கள்? டீ குடிக்கவா, டீக்குப் பெட்டி எதற்கு? சார்! அந்தப் படம். அது என்னுடையது. அதை எங்கே கொண்டுபோகிறீர்கள்? சார், உங்களுக்கு இதில் என்ன? கண்டக்டர், அவரை... இல்லை, ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை தம்பி, நீங்கள் விசிலை ஊதாதீர்கள். ஒரு நிமிஷம்.

ஹலோ! சார்! அவர்தான், அந்த நீல ஃபைல்தான்! அவரிடம் சொல்லுங்கள், உப்புக்கொத்தி! ஆமாம், உப்புக்கொத்தி! அண்ணாச்சி, சங்கரலிங்கம் அண்ணாச்சி, இங்க பாருங்க, இங்க, ஜன்னல்ல! நாந்தான், நாந்தான்! எழுதிக்கிடுங்க. நாலு முட்டை! உங்க மக அவசரத்துல மூணுன்னு எழுதிரப் போறா, நாலு! நான் எண்ணினேன், நாலு!